ஜப்பானில் மலைக் கிராமத்துக்குப் போக கார் எடுக்க வேண்டுமா, ரயிலே போதுமா?

கேள்வி: டோக்கியோ, கியோத்தோ பார்த்தாகிவிட்டது. இந்த முறை நானும் மனைவியும் ஒரு மலைக் கிராமத்தில் இரண்டு நாள் தங்க ஆசைப்படுகிறோம். கேட்டவர்கள் எல்லோரும் கார் எடுக்கச் சொல்கிறார்கள். ரயிலில் போனால் சரிப்படுமா?

பதில்:

சரிப்படும். ஆனால் ஊரை முடிவு செய்துவிட்டு அப்புறம் ரயிலைத் தேடாதீர்கள். முதலில் ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அந்தப் பாதையில் இருக்கிற ஓர் ஊரில் தங்குங்கள். எல்லோரும் போகும் ஷிரகவா-கோவுக்கு ரயிலே கிடையாது. தகயாமா வரை ரயில், அதற்குமேல் பஸ்தான். ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் வீடுகள் மலைச்சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும், பஸ்ஸும் அரிது. அங்கே கார் எடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன், கார் ஓட்டவும் செய்கிறேன். இருந்தாலும் ஊரிலிருந்து யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்டால், ஃபுகுஷிமா மாவட்டத்தின் ததாமி ரயில் பாதையைத்தான் கைகாட்டுவேன். ஐசு-வகாமத்சு நகரத்தில் கிளம்பி, ததாமி ஆற்றை ஒட்டி மலைக்குள் போய், நீகாத்தா பக்கம் கொயிதேவில் முடிகிற 135 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றிரண்டு பெட்டி கொண்ட டீசல் வண்டி, ஆற்றை மாறி மாறிக் கடக்கும். அதனால் ஜன்னல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பாதை இன்று இருப்பதே பெரிய விஷயம். 2011 ஜூலையில் பெய்த பெருமழையில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஐசு-கவாகுச்சிக்கும் ததாமிக்கும் இடையே 27.6 கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினோரு வருடம் ரயில் ஓடவில்லை, அதற்குப் பதிலாக பஸ் விட்டார்கள். பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் மூடியிருப்பார்கள். ஆனால் உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் அந்தப் பகுதியின் தண்டவாளத்தையும் பாலங்களையும் மாவட்ட அரசு வைத்துக்கொள்வது, வண்டியை மட்டும் ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனம் ஓட்டுவது என்று ஏற்பாடாகி, 2022 அக்டோபர் 1 அன்று முழுப் பாதையும் திறந்தது. ரயிலைப் பார்த்தால் எல்லோரும் கையசைப்போம் என்று வழியில் உள்ள ஊர்கள் சட்டமே போட்டிருக்கின்றன! வயலில் வேலை செய்கிறவர் நிமிர்ந்து கையாட்டுவார், நீங்களும் ஆட்டுங்கள். காரில் போனால் உங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். முழுப் பாதையும் போகிற வண்டி ஒரு நாளைக்கு மூன்றுதான். வகாமத்சுவிலிருந்து விடிகாலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று. வழியில் நின்று திரும்பும் வண்டிகள் வேறு சில உண்டு. ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே தங்குமிடத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே அந்த மாதத்துக் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாம்" என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. ஒரு நாளில் ஐந்து இடம் பார்த்தாக வேண்டும் என்கிற ரகம் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது, கார்தான்.

இறங்குவதற்கு மூன்று ஊர் சொல்கிறேன். யனாய்சுவில் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூர நடையில், ஆற்றைப் பார்த்த பாறைமேல் என்சோ-ஜி கோயில். தலையாட்டும் சிவப்புப் பசு பொம்மையை ஐசு பக்கம் எங்கும் பார்ப்பீர்கள், அதன் கதை இந்தக் கோயிலில்தான் தொடங்குகிறது என்பார்கள். கோயில் தெருக் கடைகளில் அவா மஞ்சு என்று சுடச்சுட விற்பார்கள். மேலே தினை, உள்ளே இனிப்புப் பயறு பூரணம். சைவக்காரர்கள் வயிறு நிறைய இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது. அடுத்தது மிஷிமா. ததாமி பாதை என்று படங்களில் நீங்கள் பார்க்கும் அந்த வளைவுப் பாலம் இங்கேதான். ரயிலில் போகிறவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது, அவர் காட்சிக்குள் உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஐசு-மியாஷிதாவில் இறங்கி, சில கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும் பார்வைமேடைக்குப் போக வேண்டும். காருக்குச் சாதகமான இடம் இது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இரவு தங்க கனேயாமா. அந்த ஊரின் ஐசு-கவாகுச்சி ஸ்டேஷன் நடைமேடைக்கு அடியிலேயே ஆறு ஓடும். ஐசு-ஷியோசாவா தாண்டுவதற்கு முன்னால் வரும் ஓஷியோவில், இயற்கையாகவே காஸ் கலந்த தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்று இருக்கிறது, பாட்டில் எடுத்துப் போங்கள். மின்ஷுகு எனப்படும் வீட்டு விடுதியில் பதிவு செய்யும்போதே எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டால், பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு வண்டியோடு வருவார்கள். ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலறைக்கும் வழி காட்டுவார்கள். உடை எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். கூச்சமாக இருந்தால் தனியாக எடுத்துக் குளிக்கும் வசதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

சாப்பாடு பற்றி. ஸ்டேஷன் பக்கம் கடை இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். கடை இருந்தாலும் ஸோபா நூடுல்ஸ் சாறில் மீன் இருக்கும், காய்கறி மட்டும்தான் என்று அவர்கள் சொல்லும்போதும் அந்தச் சாற்றைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வகாமத்சுவில் வண்டி ஏறுமுன் உப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டைகள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் முறை நம்மூர் டவுன் பஸ் மாதிரிதான். பல ஸ்டேஷன்களில் ஆளே கிடையாது. ஏறும்போது எண் போட்ட சீட்டை இயந்திரத்திலிருந்து உருவிக்கொள்ள வேண்டும், இறங்கும்போது முன்கதவில் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். டோக்கியோவில் தட்டிவிட்டுப் போகும் கார்டை இங்கே நம்பாமல் சில்லறை வைத்திருங்கள். பெரிய பெட்டிகளை வகாமத்சுவில் லாக்கரில் வைத்துவிடலாம். கொயிதே பக்கம் வெளியேறுவதாக இருந்தால் கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கே அனுப்பிவிடலாம். இப்படி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் உராசா போய், ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்து டோக்கியோ வந்து சேரலாம். வாடகைக் காரை எடுத்த இடத்தில் விடாவிட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறிவிட்டது. இந்த ஒரு பயணத்துக்காக அதை வாங்குவது வீண்.

இலையுதிர் கால வார இறுதிகளில் போகாதீர்கள். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் மலை சிவக்கும்போது நின்றுகொண்டேதான் போக வேண்டியிருக்கும். பனிக்காலம் வேறு மாதிரி. ததாமிக்கும் கொயிதேவுக்கும் இடையிலான மலைச்சாலையைக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள், கார் போகவே முடியாது. ரயில் மட்டும் ஆறு கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தில் மலையைத் துளைத்துக்கொண்டு போகும். நஷ்டப் பாதைகளை மூடிய காலத்திலும் இது தப்பியதற்கு அந்த மூடிய சாலைதான் காரணம். ஆனால் பனி மிஞ்சினால் ரயிலும் நின்றுவிடும். ஜனவரி, பிப்ரவரியில் போவதாக இருந்தால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை இதற்கு ஒதுக்காதீர்கள், நடுவில் இரண்டு நாளாவது டோக்கியோவில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.