அப்பச்சிக்குக் கீரை ஆகாதா?

கேள்வி: உலோக இதய வால்வு வைத்தபின் ரத்தம் உறைந்து கட்டாமலிருக்க அப்பச்சி வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஆத்தா கீரை, பூண்டுக் குழம்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். சரியா? பக்கத்து வீட்டார் சொல்வதுபோல் அபிக்சபான் என்ற வேறொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு மாறலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: முழுக்க நிறுத்த வேண்டாம் என்று ஆத்தாவிடம் சொல்லுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், உண்மைதான், ஆனால் சிக்கல் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில்தான் வருகிறது. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்த்து டாக்டர் அதற்கேற்ப மாத்திரையை வைப்பார். குழம்புப் பூண்டு பரவாயில்லை. பூண்டு கேப்ஸ்யூல், கேட்காமல் வாங்கும் வலி மாத்திரை கூடவே கூடாது. அப்புறம், மலம் கறுப்பாகப் போனாலோ ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனை. பக்கத்து வீட்டார் சொல்லும் அபிக்சபானுக்குக் கீரைக் கணக்கு இல்லைதான், ஆனால் உலோக வால்வுக்கு அது ஆகாது.