பாட்டிலில் ஒட்டிய பதக்கத்தைக் குடிக்க முடியாது

வாசகர் கேள்வி: மெல்பர்னில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கப் போகிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன கிளாஸ் போர்ட் ஒயின் அவருக்குப் பிடிக்கும். ஊரில் கோவா போர்ட்தான் பழக்கம். 20, 25 டாலருக்குள் நல்லதாக எது வாங்கலாம்? கடையில் உள்ளூர் சரக்கில் ‘போர்ட்’ என்று எதையும் காணோம். டானி, அபெரா என்று என்னென்னவோ இருக்கிறது. மூன்று தங்கப் பதக்கம் ஒட்டிய ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். இதற்கிடையே தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், 1980களின் விண்டேஜ் போர்ட் ஆறு பாட்டில் 300 டாலருக்குத் தருகிறேன், வைத்திருந்தால் விலை ஏறும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் பணம் போகப் பார்ப்பது அங்கேதான். அந்த ஆறு பாட்டில் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குச் சரக்குக்கே உரிய பெயர் என்று ஐரோப்பிய ஒன்றியம் பிடித்த பிடியில் நின்றது. 2008-ல் ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் ஆனது, 2010 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஓராண்டு அவகாசம் முடிந்ததும் உள்ளூர் லேபிள்களிலிருந்து போர்ட், ஷெர்ரி (ஸ்பெயின் ஒயினின் பெயர்) இரண்டும் போயின. ஷெர்ரி ‘அபெரா’ ஆனது. டோகேய் என்று விற்ற இன்னோர் இனிப்பு ஒயின் ‘டோபேக்’ ஆனது. போர்ட்டுக்கு மட்டும் புதுப்பெயர் வைக்காமல், டானி, ரூபி, விண்டேஜ் என்ற அடைமொழிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஊர்ப்பெயர் ஊர்க்காரனுக்கே என்பதில் எனக்குச் சண்டையில்லை. திருநெல்வேலி அல்வா என்று வேறு எவனாவது போர்டு மாட்டினால் உங்கள் மாமனார் சும்மா இருப்பாரா? என் எரிச்சல் வேறு. பெயரை எடுத்தவர்கள், சரக்கின் வயதைக் கொட்டை எழுத்தில் போடு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம் அல்லவா? சேர்க்கவில்லை. மலிவு பாட்டிலில் ‘டானி’ என்ற சொல் அது எந்தப் பாணி என்று சொல்லும். எத்தனை வயது என்று சொல்லாது.

இந்த வகை ஒயினுக்குத் திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையிலிருந்து வடித்த கடும் ஸ்பிரிட்டை ஊற்றி நொதிப்பை நிறுத்துகிறார்கள். சாராயமாக மாறாத சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. இனிப்பும் காரமும் சேர்ந்து வருவது அதனால்தான். ஆஸ்திரேலிய விதிப்படி சாராய அளவு 15 முதல் 22 சதவீதம். கடையில் பெரும்பாலும் 17, 18, 19 பார்ப்பீர்கள். இதற்கு மேல் நுட்பம் உங்களுக்கு வேண்டாம்.

வயதுக்கு வாருங்கள். டானியின் வயது பீப்பாயில் ஏறுவது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் தகரக் கூரைக் கொட்டகையில் வெயில் காய, மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, மிச்சம் கெட்டியாகும். கத்தரிப்பூ நிறம் செங்கல் நிறமாகி, பிறகு பழுப்பாகும். பழவாசனை குறைந்து வால்நட், காய்ந்த ஆரஞ்சுத் தோல், கருக்கிய சர்க்கரை என்று மாறும். அங்கே சேப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்ற ஒயின் ஆலையில் பென்னோ சேப்பல்ட் 1878-ல் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறு ஆண்டு தொடக்கூடாது என்று வைத்தார். 1978-ல்தான் திறந்தார்கள். அந்த மாதிரிச் சரக்கு கிளாஸில் எண்ணெய் போல ஒட்டும். உங்கள் 20 டாலர் பாட்டிலில் அது இருக்காது. அதில் பெரும்பகுதி இளசு, பெயருக்குக் கொஞ்சம் பழசு. சாம்பாரில் பெருங்காயம் போல அந்தக் கொஞ்சம்தான் மணக்க வேண்டும். மணக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

பார்ப்பது எப்படி? ஒரு பாட்டில் வாங்கி வந்து 60 மில்லி ஊற்றுங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பை மட்டும் பாருங்கள், நடுவைப் பார்க்க வேண்டாம். விளிம்பு ரோஜா நிறமாகவோ ஊதாவாகவோ இருந்தால், லேபிளில் என்ன கதை எழுதியிருந்தாலும் அது இளசு. செம்பழுப்பு என்றால் பரவாயில்லை. லேசான பாசிப்பச்சை சாயல் தெரிந்தால் அதிர்ஷ்டம். அடர்ந்த நிறம் என்றால் பழசு என்று நினைக்காதீர்கள், டானி வயதாக ஆக வெளுக்கும்.

பிறகு மோந்து பாருங்கள். மூக்கில் முதலில் ஏறுவது நகப்பூச்சு நெடியோ மருத்துவமனை ஸ்பிரிட்டோ என்றால், சமையலுக்கு. ஜாம் வாசனை மட்டும் என்றால் குடிக்கலாம், ஆனால் 12 டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள். வாயில் வைத்ததும் எல்லாமே இனிக்கும். விழுங்கிய பின் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். நல்லது இனிப்பில் தொடங்கி, நாக்கு ஓரத்தில் காய்ந்து முடியும். மட்டமானது இருமல் மருந்து போல இனிப்பிலேயே நின்றுவிடும். இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: குடித்த கிளாஸைக் கழுவாமல் ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டுக் காலையில் மோந்து பாருங்கள். ஸ்பிரிட் பறந்துபோயிருக்கும். மிச்சம் வால்நட்டும் பழைய மரமும் மணந்தால் மறுபடி வாங்கலாம். வெறும் பாகு வாசனை என்றால் கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிட்டார்.

கடைக்காரர் என்றதும் அந்த மூன்று தங்கப் பதக்கம் நினைவுக்கு வருகிறது. ஓட்டப்பந்தயம் மாதிரி ஒருவருக்குத்தான் தங்கம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஒயின் ஷோக்களில் அப்படியில்லை. பழைய முறையில் 20 மதிப்பெண்: நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, சுவைக்கு 10. 15.5 எடுத்தால் வெண்கலம், 17 என்றால் வெள்ளி, 18.5 என்றால் தங்கம். இப்போது பல இடங்களில் நூற்றுக்கு. 95 எடுத்தால் தங்கம். அந்தக் கோட்டைத் தாண்டிய எல்லோருக்கும் தங்கம் உண்டு, பத்துப் பேர் தாண்டினால் பத்துப் பேருக்கும். அதைக்கூட மன்னிக்கலாம். டானி என்பது ஆண்டுதோறும் புதிதாகக் கலக்கும் கலவை. பதக்கம் வாங்கியது எப்போதோ கலந்த கலவையாக இருக்கலாம். ஸ்டிக்கரில் ஆண்டு எழுதியிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். எட்டு வருடப் பழைய பதக்கத்தை இந்த வருடப் பாட்டிலில் ஒட்டி விற்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், ‘பாணி அதேதான் சார்’ என்பார்கள்.

இன்னொரு கண்கட்டு, லேபிளில் வரும் எண்கள். 1880-களின் ஏதோ ஓர் ஆண்டு பெரிதாக அச்சிட்டிருந்தால் அது கம்பெனி பிறந்த ஆண்டு, உள்ளே இருப்பது பிறந்த ஆண்டு அல்ல. ‘பின்’ (Bin, சரக்கு அடுக்கின் அடையாளம்) என்று போட்டு ஓர் எண் இருந்தால் அது வயதும் அல்ல. ரிசர்வ், ஓல்டு, ஃபவுண்டர்ஸ் இவையெல்லாம் அலங்காரம். ‘10 ஆண்டு’ என்று தெளிவாக எழுதியிருந்தால் நம்பலாம். அதுவும் சராசரி வயதுதான், ஒவ்வொரு சொட்டும் பத்து வயது என்று அர்த்தமில்லை.

இப்போது உங்கள் ஆறு பாட்டில். டானி பாட்டிலுக்குள் போனதும் அதன் வளர்ச்சி நின்றது. அலமாரியில் முப்பது வருடம் வைத்தாலும் வாடுமே தவிர வளராது. இதற்கு முக்கிய விலக்கு விண்டேஜ், உங்களிடம் விற்க வந்தவர் பிடித்துத் தொங்குவதும் அதைத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டேஜ் என்றால் ஒரே ஆண்டின் அறுவடை. பீப்பாயில் சில காலமே வைத்து, கறுப்பாக, முரடாக இருக்கும்போதே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். அது மெல்லப் பக்குவப்படுவது பாட்டிலுக்குள்தான். பத்து, இருபது, நல்லதென்றால் அதற்கு மேலும் ஆண்டுகள் போகும். அடியில் வண்டல் படியும். திறப்பதற்கு முதல் நாளே பாட்டிலை நிறுத்தி வைத்து, ஆட்டாமல், மல் துணி வழியே வேறு குடுவையில் வடிக்க வேண்டும். திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டும். டானியிலிருந்து இதைப் பிரித்தறிய மூடியைப் பாருங்கள். கையால் பிடுங்கி மறுபடி சொருகும் தொப்பி வைத்த கார்க் என்றால் அது டானி. திருகாணி போட்டு இழுக்க வேண்டிய நீளக் கார்க் என்றால் பெரும்பாலும் விண்டேஜ். படுக்க வைத்துப் பாதுகாப்பதும் நீளக் கார்க் வைத்ததை மட்டும்தான். தொப்பிக் கார்க் பாட்டிலைப் படுக்க வைத்தால் ஒழுகித் தொலைக்கும்.

ஆனால் விண்டேஜ் எல்லாமே விலை ஏறும் விண்டேஜ் அல்ல. கால்பந்து கிளப் கோப்பை வென்றதற்கு, ஊர் நூற்றாண்டுக்கு, குதிரைப் பந்தயத்துக்கு என்று நினைவு பாட்டில்கள் இந்த நாட்டில் குவியல் குவியலாக வந்திருக்கின்றன. லேபிள்தான் விசேஷம், உள்ளே சாதா சரக்கு. இன்று வீடு காலி செய்பவர்களின் கராஜில் கிடப்பவை அவைதான். மெல்பர்ன் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களை அந்தக் கராஜ் எத்தனை பார்த்திருக்கும்? ஒயின் மட்டம் கழுத்தை விட்டுத் தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் கார்க் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். சரி, உள்ளே அமுதமே இருக்கட்டும், நீங்கள் யாரிடம் திருப்பி விற்பீர்கள்? விக்டோரியாவில் உரிமமில்லாமல் மது விற்பது குற்றம். உங்களுக்கு விற்கப் பார்ப்பவருக்கும் அதே சட்டம்தான், உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த அழைப்பு வராது. ஏலக் கம்பெனி வழியே போனால் அவர்கள் கமிஷன் கழிப்பார்கள். உண்மையிலேயே விலை ஏறும் சரக்கென்றால் அவர் ஏன் பாட்டிலுக்கு 50 டாலர் என்று உங்களைத் தேடி வருகிறார்?

அப்படியானால் எதை வாங்குவது? கோவா போர்ட் பழகிய நாக்குக்கு டானியைவிட ருதர்கிளென் மஸ்கட் (மஸ்கட் திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின்) பிடிக்கும் என்பது என் கணிப்பு. ருதர்கிளென் ஊர் வடகிழக்கு விக்டோரியாவில், உங்களிடமிருந்து மூன்று மணி நேரக் கார் பயணம். இந்த மொத்தத் தொழிலில் வாங்குபவனுக்குப் புரிகிற மாதிரி நடந்துகொண்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். 1990களில் தாங்களாகவே கூடி நான்கு படி வைத்தார்கள்: வெறும் ‘ருதர்கிளென் மஸ்கட்’, அதற்கு மேல் கிளாசிக், கிராண்ட், ரேர். முதல் படியின் சராசரி வயது 3 முதல் 5 ஆண்டு, கிளாசிக் 6 முதல் 10.  மாரிஸ், கேம்ப்பெல்ஸ், ஸ்டான்டன் அண்ட் கில்லீன், சேம்பர்ஸ், ஃபைஃபர் என்று எந்தத் தயாரிப்பாளரின் முதல் படியை எடுத்தாலும் ஏமாற மாட்டீர்கள். உலர்திராட்சை, ரோஜா, கருப்பட்டிப் பாகு எல்லாம் மணக்கும். ஒரு எச்சரிக்கை: மஸ்கட் பெரும்பாலும் 375 அல்லது 500 மில்லி பாட்டிலில் வரும். பக்கத்தில் நிற்கும் 750 மில்லி டானியோடு விலையை நேராக ஒப்பிடாதீர்கள்.

டானிதான் வேண்டும் என்றால் வயது எழுதிய ஒன்றைத் தேடுங்கள், உங்கள் பட்ஜெட்டின் மேல் எல்லையில் கிடைக்கலாம். இரண்டு லிட்டர் அட்டைப்பெட்டிச் சரக்கு கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட மட்டும். அது அத்தனை மலிவாக இருப்பதற்குக் காரணம் வரிதான். இந்த நாட்டில் பிராந்திக்கு வரி சாராய அளவின்படி, ஒயினுக்கோ மொத்த விற்பனை விலையில் 29 சதவீதம். விலை குறைந்தால் வரியும் குறையும். போதையைக் கூட்டி விலையைக் குறைப்பவனுக்கே லாபம் வருகிற மாதிரி ஒரு வரியை வைத்துக்கொண்டு, தரம் ஏன் இல்லை என்று மாநாடு நடத்துகிறார்கள்.

மாமனாருக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. மஸ்கட்டின் முதல் படியிலேயே லிட்டருக்கு 180 முதல் 240 கிராம் சர்க்கரை இருக்கிறது. 60 மில்லியில் மூன்று தேக்கரண்டி என்று வையுங்கள். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்டபின் ஊற்றுங்கள். ‘போர்ட் ரத்தம் ஊறவைக்கும்’ என்று அவர் சொல்லக்கூடும். 1844-ல் அடிலெய்டு பக்கம் மாகில்லில் குடியேறிய டாக்டர் பென்ஃபோல்டும் அதே நம்பிக்கையில்தான் நோயாளிகளுக்கு இந்த வகை ஒயின் கொடுத்தார். அவர் தொடங்கிய ஒயின் கம்பெனி வளர்ந்தது. நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாது.

திறந்த டானியும் மஸ்கட்டும் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். நிறுத்தியே வையுங்கள், இருட்டான அலமாரியில். ஃப்ரிட்ஜின் தலைமேல் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அங்கே மட்டும் வேண்டாம், மோட்டார் சூடு நேராக அடிக்கும்.