அட்டை கிழிந்தாலும் டேப் ஒட்டாதீர்கள்: பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "என்னிடம் ஒரு பழைய காமிக்ஸ் இருக்கிறது, எவ்வளவு போகும்?" என்ற ஒற்றை வரிதான். என்ன தலைப்பு, எத்தனையாவது இதழ், அட்டையில் அச்சிட்ட விலை என்ன, ஒன்றும் கிடையாது. ஜோசியம் எனக்குத் தெரியாது என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவை கீழே.

கே: சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் ஒரு பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. காரைத் தூக்கும் அட்டை, ஜூன் 1938, 10 சென்ட், எல்லாம் சரியாக இருக்கிறது. நல்ல பெரிய புத்தகம். எப்படி விற்பது?

"நல்ல பெரிய புத்தகம்" என்று விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். அசல் ஏறக்குறைய எட்டுக்குப் பத்தரை அங்குலம். 1974-இல் டிசி நிறுவனம் 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' வரிசையில் இதே இதழைப் பத்துக்குப் பதின்மூன்றரை அங்குல அளவில் மறுபதிப்பாகப் போட்டது. மறுபதிப்பு என்று சொல்வது அதன் கெட்டி வெளியட்டை ஒன்றுதான். அதைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது அசலின் அச்சு அசலான நகல், பதிப்பு விவரப் பொடி எழுத்து உட்பட. கழற்றி விற்றவர்களும் உண்டு, வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. 1988-இல் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த மறுபதிப்பு சாதாரண அளவுதான், ஆனால் அதன் அட்டையில் 50 சென்ட் என்று இருக்கும்.

உண்மையான முதல் இதழில் இன்று மிஞ்சியிருப்பது நூறு பிரதியை ஒட்டித்தான். 2024-இல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. (கதாபாத்திரத்தின் உரிமைக்காக, அதை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அன்றைக்கு வாங்கியது 130 டாலர்.) அந்த ஏலச் செய்தியைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களே, முதலில் அளந்துவிட்டு எழுதுங்கள்.

கே: அதே இதழ் ஏப்ரல் 1938-லேயே கடைக்கு வந்தது என்கிறார்கள். ஜூன் என்ற தேதி தவறா?

இரண்டும் சரி. அட்டையில் போடும் மாதம், விற்பனைக்கு வரும் நாளைவிட இரண்டு மூன்று மாதம் பிந்தியதாகவே இருக்கும். கடைக்காரர் அந்த மாதம் வரை இதழை விற்பனைத் தட்டிலிருந்து எடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

கே: கேப்டன் மார்வெல் வந்த 'விஸ் காமிக்ஸ்' முதல் இதழை நல்ல விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

விற்பனைக்கு வந்த முதல் 'விஸ்' இதழின் எண்ணே 2. பிப்ரவரி 1940. அதற்கு முன்னால் தலைப்பு உரிமைக்காகச் சில பிரதிகளை வேறு பெயர்களில் அச்சிட்டதோடு சரி. அவரிடம் வேறு எதையும்கூட வாங்காதீர்கள்.

கே: கேப்டன் அமெரிக்கா 100-ஆவது இதழ் (1968) இருக்கிறது. 1 முதல் 99 வரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 99-ஆவது இதழோடு பெயர் மாறி, 100-இலிருந்து கேப்டன் அமெரிக்கா ஆனது. 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 125 முடிந்ததும் 'தோர்' 126 வந்ததும் இதே கதைதான். எண்ணை முதலிலிருந்து தொடங்காமல் தொடர்ந்துகொண்டே போவது அன்றைய பதிப்பாளர்களின் வழக்கம். புதுத் தலைப்பு என்றால் புதிய தபால் அனுமதிக்குப் பணம் கட்டவேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். 1941-இல் தொடங்கிய 'கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்' தனி வரிசை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கே: சூப்பர்மேன் சாகும் 75-ஆவது இதழைக் கறுப்பு உறை பிரிக்காமல் 1992-லிருந்து காப்பாற்றி வருகிறேன். இப்போது விற்கலாமா?

உங்களைப் போலவே இன்னும் பல லட்சம் பேர் காப்பாற்றி வருகிறார்கள். சிக்கலே அதுதான். 1938-இல் வாங்கிய பையன்கள் படித்துக் கிழித்தார்கள். யுத்த காலத்தில் பழைய தாள் சேகரிப்புக்கு மூட்டை மூட்டையாகப் போனது. மிச்சத்தை அம்மாமார்கள் குப்பையில் போட்டார்கள். அதனால்தான் விலை. 90-களில் வாங்கியவர்கள் யாரும் எதையும் கிழிக்கவில்லை. 1991-இன் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு 80 லட்சம் அச்சானது. இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. உறையைப் பிரித்துப் படியுங்கள், உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும்.

கே: 'இன்க்ரெடிபிள் ஹல்க்' முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தில் இருக்கிறாரே, அச்சுப் பிழையா?

இல்லை. சாம்பல்தான் முதல் திட்டம். அச்சகத்தில் அந்த நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே இருந்ததால் இரண்டாம் இதழில் பச்சையாக்கினார்கள்.

கே: ஹல்க் 181 மலிவாகக் கிடைக்கிறது. அட்டை பளபளவென்று இருக்கிறது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வுல்வரின் முழுதாகத் தோன்றும் முதல் இதழ் (நவம்பர் 1974) ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று யோசித்தீர்களா? கடிதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்த வருடங்களில் மார்வெல் இதழ்களில் வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு ஸ்டாம்ப் படம் அச்சிட்டார்கள். பிள்ளைகள் கத்தரித்துவிட்டார்கள். ஸ்டாம்ப் இல்லையென்றால் விலை தடாலென்று விழும். வேறு பிரதியிலிருந்து பக்கத்தை உருவிச் செருகியிருக்கிறார்களா என்று ஸ்டேபிள் பின் இருக்கும் நடுமடிப்பையும் பாருங்கள். திறந்து காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

கே: என்னிடம் உள்ள முப்பது நாற்பது இதழ்களையும் கிரேடிங்குக்கு (நிலையைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு) அனுப்பி பிளாஸ்டிக் பெட்டியில் ஸீல் செய்யலாம் என்று இருக்கிறேன். பெரும்பாலும் 80-களின் இதழ்கள். உங்கள் கருத்து?

வேண்டாம். இதோடு நிறுத்தலாம், ஆனால் மனசு கேட்கவில்லை.

கிரேடிங் தேவைப்படும் இடம் உண்டு, மறுக்கவில்லை. பல ஆயிரம் டாலர் பெறும் பிரதி என்றால், ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருக்கிறார்களா, மங்கிய இடத்தில் பேனாவால் நிறம் பூசியிருக்கிறார்களா என்று பயிற்சி பெற்ற கண் பார்த்துச் சொல்வது நல்லது. ஆனால் 80-களின் சாதாரண இதழுக்குக் கிரேடிங் கட்டணமும் தபால் செலவும் இதழின் விலையைவிட அதிகம். அவ்வளவு செலவழித்து வாங்குவது என்ன? பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண். 9.6-க்கும் 9.8-க்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டடி தள்ளி நின்று யாராலும் சொல்ல முடியாது. விலை மட்டும் எங்கேயோ போய்விடுகிறது.

அப்புறம், பெட்டிக்குள் போன இதழைத் திறக்க முடியாது. திறந்தால் கிரேடு போச்சு. வீணையை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைப்பது போலத்தான் இது. பழைய காமிக்ஸின் ருசியே அட்டைக்குப் பின்னால்தான் இருக்கிறது. புள்ளி புள்ளியாகக் கோட்டுக்கு வெளியே வழிந்த நிறங்கள், ஆசிரியரோடு சண்டை போடும் வாசகர் கடிதங்கள், எக்ஸ்-ரே கண்ணாடி விளம்பரங்கள் எல்லாம் உள்ளேதான். படமே இல்லாத இரண்டு பக்க உரைநடைக் கதை ஒன்று அன்றைய இதழ்கள் பலவற்றில் இருக்கும்; பத்திரிகைகளுக்கான மலிவான தபால் கட்டணம் கிடைக்கட்டும் என்று சேர்த்தது. யாரும் படிக்காத அந்தப் பக்கங்களில்தான், பின்னாளில் மார்வெல் ஆசிரியரான ஸ்டான் லீயின் பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது, 1941-இல், 'கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்' மூன்றாம் இதழில். இன்று அந்த இதழை ஸீல் செய்து வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள்?

ஸீல் செய்தால் காலத்துக்கும் கெடாது என்பதும் கதை. செய்தித்தாள் ரகத் தாளில் அமிலம் தாளுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டிக்குள் வைத்தாலும் பழுப்பேறும், வெளிச்சம் பட்டால் நிறம் போகும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறை, பின்னால் அமிலம் இல்லாத அட்டை, நிமிர்ந்து நிற்கும்படி ஒரு பெட்டி, ஈரமும் வெயிலும் வராத அலமாரி, இவ்வளவு போதும். வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம்.

கே: அட்டை முதுகில் ஒரு அங்குலம் கிழிந்திருக்கிறது. உள்பக்கமாக டேப் ஒட்டினால் தெரியாதுதானே?

தெரியும். ஒட்டாதீர்கள். போன தடவையும் சொன்னேன். டேப்பின் பசை தாளில் இறங்கி மஞ்சளாகும், பிறகு எடுக்கவும் வராது. கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

கே: விலை உயர்ந்த இதழ்கள் எனக்குக் கட்டுப்படியாகாது. பழைய காமிக்ஸின் விநோதம் மட்டும் பிடிக்கும். எங்கிருந்து தொடங்குவது?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 50-களின் பிற்பாதிக்கும் 60-களின் முற்பாதிக்கும் போங்கள். 1954-இல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை வந்து ரத்தம், பேய், கொடூரம் எல்லாவற்றையும் தடுத்தது. எழுத்தாளர்களுக்கு மிஞ்சியது விசித்திரம் மட்டும்தான். அதில் புகுந்து விளையாடினார்கள். 1957-இல் ஒரு கதையில் பேட்மேன் ஒவ்வொரு ராத்திரியும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிறத்தில் உடுப்பு மாட்டிக்கொண்டு வருகிறார். காரணம்? ராபினின் காயம்பட்ட கையை யாரும் கவனிக்கக் கூடாதாம்! சூப்பர்மேன் குடும்பக் கதைகளில் 1955-இல் நாய் வந்தது, பிற்பாடு பூனை, குரங்கு, குதிரை, எல்லாம் மேலங்கியோடு. சூப்பர்மேனின் நண்பர் ஜிம்மி ஓல்சன் ஊரை மிதிக்கும் ராட்சத ஆமை மனிதன் ஆனார். அட்டையில் கொரில்லா போட்டால் விற்பனை கூடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு டிசி ஆசிரியர்கள் கொரில்லாவை விடவே இல்லை.

இவற்றில் ஓரம் மடங்கிய, பெயர் எழுதிய, பின் துருப்பிடித்த பிரதிகளாகப் பார்த்து வாங்குங்கள். பக்கம் முழுதாக இருக்கிறதா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். மறுபதிப்புத் தொகுப்புகளில் கதை வரும். பழைய விளம்பரங்களும் கடிதப் பக்கமும் பெரும்பாலும் வராது.

கே: 70-களின் மெகோ நிறுவன பேட்மேன் பொம்மையின் பூட்ஸ் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எண்ணெய் ஏதாவது பட்டிருக்குமா?

பிளாஸ்டிக்கை மென்மையாக வைக்கச் சேர்த்த ரசாயனம் வெளியே கசிகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் நீக்கி பக்கமே போகாதீர்கள். காற்றுப் புகாத பையிலும் வைக்க வேண்டாம். முகமூடி கழன்று வருமா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால் அது 1972-ஐ ஒட்டிய ஆரம்ப கால ரகம், மதிப்பு அதிகம். ஆனால் மெகோவுக்குப் புது முகமூடி, மேலங்கி, பூட்ஸ் எல்லாம் இப்போது தனியாகவே செய்து விற்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

கே: காமிக்ஸைத் தவிர, ரசிகர் மன்றப் பொருட்களில் எது சேர்க்கத் தகுந்தது?

மார்வெலின் 'மெர்ரி மார்வெல் மார்ச்சிங் சொசைட்டி' உறுப்பினர் தொகுப்பு. 60-களின் நடுவில் ஒரு டாலர் அனுப்பினால் உறுப்பினர் அட்டை, பேட்ஜ் இவற்றோடு ஒரு சிறு இசைத்தட்டும் வரும். அதில் ஸ்டான் லீயும் அலுவலகத்தில் இருந்தவர்களும் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டிருப்பார்கள். முழுத் தொகுப்பாகக் கிடைத்தால் வாங்குங்கள். பேட்ஜ் மட்டும் தனியாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

கே: 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழில் பீட்டர் பார்க்கரை 'பால்மர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அரிய பிழைப் பிரதியா?

எல்லாப் பிரதியிலும் அப்படித்தான், அதனால் விலை கூடாது. ஸ்டான் லீக்குப் பெயர் தடுமாறும். ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரை 'பாப் பேனர்' என்று எழுதிவிட்டு, 'ராபர்ட் புரூஸ் பேனர்' என்று இரண்டையும் சேர்த்துச் சமாளித்தவர் அவர். உங்கள் அட்டையில் 12 சென்ட் விலை இருக்கிறதா என்று பார்த்தீர்களா? 1966-இல் இசைத்தட்டோடு வந்த மறுபதிப்பில் அது இருக்காது.