3 மீட்டர் நடைபாதை வரைந்தும் 'நடக்க இடம் எங்கே?' என்று ஜூரி (மாணவர் வடிவமைப்பை மதிப்பிடும் குழு) கேட்டது ஏன்?

மதில் முதல் சாலை விளிம்பு வரை மொத்தத்தையும் நடக்கும் அகலமாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஜூரி கேட்டது தடையில்லாத அகலத்தை. கடை வாசலில் நிற்பவர்களுக்கு அரை மீட்டர், மரக்குழி, விளக்குக் கம்பம், ஈ.பி. பெட்டிக்கு ஒரு மீட்டர் போனால் மிச்சம் ஒன்றரைதான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103 கேட்பது குறைந்தது 1.8 மீட்டர்.

அநேகமாக மரமும் பெட்டியும் ஆட்டோகேடில் (வரைபட மென்பொருள்) அணைத்து வைத்த லேயரில் இருக்கும். எல்லாவற்றையும் போட்டு, மிகக் குறுகலான இடத்தில் அளந்து பாருங்கள். அப்புறம் சாயங்காலம் டேப்போடு தெருவுக்கே போங்கள். பூக்கடையும் ஏற்றி நிறுத்திய பைக்கும் எந்த வரைபடத்திலும் இருக்காது.

ஆனால் 1.8 என்பது குறைந்தபட்ச அளவுதான். கடைத்தெரு என்றால் குறைந்தது 2.5 வேண்டும், பார்க்கிங்கில் கைவைக்காமல் அது கிடைக்காது. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் வண்டிக்கான இடத்தைக் குறைத்துத்தான் நடைபாதையை அகலப்படுத்தினார்கள்.