வாசகர் கேள்விகள்: வாவி நீரை எந்த நேரத்தில் அளப்பது?

கேள்வி: எங்கள் ஊர் வாவியோரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் பெருந்தொகையான மீன்கள் செத்து ஒதுங்கின. அன்று நண்பகலில் நீரைப் பரிசோதித்தவர்கள் அதில் ஒட்சிசன் போதிய அளவு உள்ளதாகக் கூறினார்கள். அப்படியானால் யாரேனும் நஞ்சு கலந்திருப்பார்களா?
– வாசகர், பட்டிருப்பு

பதில்: பரிசோதித்தவர்களின் அளவீடு சரியாகவே இருந்திருக்கலாம், அளந்த நேரம்தான் பொருந்தவில்லை. நீரில் மிதக்கும் நுண்ணிய அல்காக்கள் வெயில் உள்ளவரை ஒளித்தொகுப்பின் மூலம் ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவிலோ அந்த அல்காக்களும், மீன்களும், அடிச்சேற்றில் அழுகும் பொருள்களைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் சேர்ந்து அந்த ஒட்சிசனைச் செலவிடுகின்றன. ஆகவே நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் பிற்பகலில் உச்சத்தை அடைந்து, விடிவதற்குச் சற்று முன்னர் மிகவும் குறைந்துவிடுகிறது. வயல் வடிச்சலோடும் ஊர்க் கழிவுநீரோடும் வந்து சேரும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் அல்காக்களைப் பெருகச் செய்திருந்தால், பகலில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் காட்டிய இடத்திலேயே அதிகாலையில் 2 மில்லிகிராம்கூட இல்லாமற்போகலாம். பெரும்பாலான மீன்கள் நலமாக வாழ 5 மில்லிகிராம் அளவாவது வேண்டும்.

வெப்பமும் உப்பும் கூடக்கூட நீர் தாங்கும் ஒட்சிசன் குறையும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 30 பாகை செல்சியசில் நன்னீர் காற்றிலிருந்து லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைப் பெறக்கூடும். கடல்நீருக்கு அது 6 மில்லிகிராம் அளவிலேயே நின்றுவிடுகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, காற்றும் ஓய்ந்திருக்கும் வெப்ப நாட்களில் வாவி எவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

நஞ்சு என்று முடிவு செய்யுமுன் செத்தவற்றைக் கவனியுங்கள். ஒட்சிசன் குறைந்தால் பெரிய மீன்களே பெரும்பாலும் முதலில் சாகும். உயிரோடு இருப்பவை வாயை நீர்மட்டத்திற்கு நீட்டித் திணறும். நண்டும் இறாலும் கரையோரம் ஒதுங்கும். நஞ்சாயின் நேரமும் பருமனும் பாராமல் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும்கூட மடியக் காணலாம். அடுத்த முறை அதிகாலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும், மேல்நீரிலும் அடிநீரிலும், வெப்பநிலை, உவர்த்தன்மை ஆகியவற்றோடு சேர்த்து அளக்கும்படி கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ஆய்வுகூட வசதி இல்லாத எங்கள் பாடசாலை மாணவர்கள் அருகிலுள்ள குளத்து நீரின் தரத்தை மதிப்பிட முடியுமா?
– ஆசிரியை, திருக்கோவில்

பதில்: நிச்சயமாக முடியும். போத்தலில் எடுத்த நீர் அந்த ஒரு கணத்தைத்தான் சொல்லும். அடிச்சேற்றில் வாழும் சிற்றுயிர்களோ கடந்த பல வாரங்களின் நிலையைச் சொல்லும். கைவலையால் கரையோரத்துப் புல்லையும் சேற்றையும் அளைந்து, அகப்பட்டதை வெள்ளைத் தட்டில் நீரோடு கொட்டிப் பாருங்கள். வாலில் மூன்று இழைகள் கொண்ட மே ஈயின் குடம்பிகளும் பல வகைத் தும்பிக் குடம்பிகளும் இருந்தால் நீர் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது. சிவந்த புழுக்கள் மட்டுமே மலிந்திருந்தால் ஒட்சிசன் குறைந்துள்ளதென ஐயுறலாம். கடியாத நுளம்பு போன்றதொரு பூச்சியின் குடம்பிகளான அவற்றின் உடலிலுள்ள ஈமோகுளோபினே அந்தச் செந்நிறத்திற்கும், குறைந்த ஒட்சிசனில் தாக்குப்பிடிப்பதற்கும் காரணம். இந்த முறை நன்னீர்க் குளங்களுக்கே பொருந்தும். உவர்நீரில் மே ஈ இல்லாதிருப்பது இயல்பு. அதை மாசின் அடையாளமாகக் கொள்ளலாகாது. முதலை நடமாடும் நீர்நிலை என்றால், பெரியவர்கள் துணை நின்றாலும் மாணவர்களை நீரில் இறக்க வேண்டாம்.

கேள்வி: ஆற்றுவாழை நீரைச் சுத்தப்படுத்தும் என்கிறார்களே, அகற்றாமல் விடலாமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: அது நீரிலுள்ள போசணைகளை உறிஞ்சுவது உண்மை, ஆனால் அள்ளி வெளியேற்றினால்தான் அந்தப் பயன் கிட்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இத்தாவரத்தைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இது உப்பைத் தாங்காது. முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறும்போது கூட்டமாக மடிந்து அடியில் அழுகி, உறிஞ்சியதை மீண்டும் நீரிலேயே விட்டு, ஒட்சிசனையும் தின்றுவிடும். ஆகவே நீர் உவராகுமுன் அகற்றுங்கள். அள்ளியதைக் கரையில் குவிக்காமல், மழைநீர் வாவிக்குள் அடித்துச் செல்லாத தூரத்தில் பசளையாக மக்க விடுங்கள்.