6 மி.மீ. செம்புத் தகட்டில் பிசிறில்லாமல் துளை போடுவது எப்படி?

இரும்பில் நன்றாக இறங்கும் டிரில் பிட், செம்பில் மட்டும் கடித்துக்கொண்டு தகட்டையே சுழற்றுகிறது, துளையும் கோணலாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செம்பு மென்மையானது, இழுபடும். கூரான பிட்டின் வெட்டுமுனை அதைச் சீவாமல் திருகு ஆணி போல உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில்தான் இது மோசமாகும்.

இதற்குப் பிட்டையே கொஞ்சம் மாற்ற வேண்டும். இரண்டு வெட்டுமுனைகளின் முன்பக்கத்தையும் ஆயில் ஸ்டோனில் (எண்ணெய் விட்டுத் தீட்டும் கல்), பிட்டின் நீளவாக்கிலேயே நாலைந்து முறை தேயுங்கள். அரை மி.மீ. அகலத்துக்கு ஒரு சின்னப் பட்டை பளபளத்தால் போதும். இனி அது கடிக்காது, சுரண்டி எடுக்கும். இந்தப் பிட்டைச் செம்புக்கும் பித்தளைக்கும் என்றே தனியாக வையுங்கள்.

அப்புறம், தகட்டை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் பிடிக்கவே கூடாது, கையுறையும் வேண்டாம். சுழலும் பிட் கையுறையைச் சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும். மேல்கட்டையில் தொடங்கி அடிக்கட்டை வரை சேர்த்தே துளைத்தால் அடியில் பிசிறு குறைவாக வரும். கட்டிங் ஆயில் விட்டு, அடிக்கடி பிட்டைத் தூக்கிச் சுருளை வெளியேற்றுங்கள்.

துளையின் விட்டம் 10 மி.மீ.க்கு மேல் என்றால் ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலமாகும் கூம்பு வடிவப் பிட்) நல்லது, படியின் உயரம் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருந்தால். பஸ்பார் (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) வேலை போல நிறையத் துளைகள் என்றால், எண்ணெய் அழுத்தத்தால் துளை குத்தும் ஹைட்ராலிக் பஞ்ச்தான் சரி.