குசினியில் வெக்கை, பின்கட்டிலில் குளிர்

வாசகர் கேள்வி – பதில்

(இம்முறை வந்த மூன்று கடிதங்களும் கேம்பர் ட்ரெயிலர் என்ற, வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன வீட்டைப் பற்றியவை. ஒன்ராறியோவில் நீண்ட காலம், காற்றைச் சூடாக்கி ஊதும் ஃபர்னஸ்களைத் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, போன வசந்தத்தில் பழைய 26 அடி ட்ரெயிலர் ஒன்று வாங்கினோம். முன்னுக்கு எங்கள் படுக்கை, நடுவில் குசினி, பின்னுக்குப் பிள்ளைகளின் அடுக்குக் கட்டில். தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு அல்கொன்குயின் பூங்காவுக்குப் போனோம். இரவு பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. முன்னால் நாங்கள் வியர்த்துப் போர்வையை உதைக்கிறோம். பின்னால் மகன் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு படுக்கிறான். சூடு பின்னுக்குப் போகட்டும் என்று என் கணவர் முன்பக்கம் சூட்டுக் காற்று வரும் வென்ட் இரண்டையும் மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஃபர்னஸ் கொஞ்ச நேரம் சூடாகவும் கொஞ்ச நேரம் குளிராகவும் மாறி மாறி ஊதியது. பெரிய ஃபர்னஸ் போட வேண்டுமா? — வாசகி, பிரம்ரன்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த இரண்டு வென்டையும் திறந்துவிடச் சொல்லுங்கள். உங்கள் கணவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒரு பைப்பைப் பூட்டினால் மற்றப் பைப்பில் தண்ணீர் கூடுதலாக வரும் என்ற கணக்கு அது. காற்றாடிக்கு அந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. ட்ரெயிலர் ஃபர்னஸில் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் காற்றாடி. வழியை அடைத்தால் அது முட்டித் தள்ளாது. மொத்தக் காற்றையே குறைத்துவிடும்.

காற்றுக் குறைந்தால் என்ன நடக்கும்? புரொப்பேன் எரியும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் காற்றுத்தான் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு உங்களிடம் வருகிறது. வாங்க ஆள் இல்லாவிட்டால் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகும். அப்போது லிமிட் சுவிட்ச் என்ற காவல்காரன் நெருப்பை அணைத்துவிட்டுக் காற்றாடியை மட்டும் ஓட விடுவான். பெட்டி ஆறியதும் மறுபடி நெருப்பு. நீங்கள் கண்ட சூடு, குளிர், சூடு அதுதான். ஃபர்னஸ் பழுதாகவில்லை, மூச்சுத் திணறியிருக்கிறது. ஃபர்னஸிலிருந்து வென்டுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்தான் டக்ட். குறைந்தது எத்தனை சதுர அங்குலம் டக்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஃபர்னஸின் கையேட்டிலும் போட்டிருப்பார்கள். வழக்கமான 4 அங்குல வட்ட டக்ட் ஒன்று ஏறக்குறைய 12½ சதுர அங்குலம். இரண்டைப் பூட்டினால் 25 போய்விட்டது.

பெரிய ஃபர்னஸ் வேண்டாம். அதற்கு இன்னும் கூடுதலான காற்றுவழி தேவை. இருக்கிற வழியே போதாத இடத்தில் அதைப் பொருத்தினால் முன்னுக்கு நீங்கள் இன்னும் வியர்ப்பீர்கள், அவ்வளவுதான்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2004இல் நான் வாங்கிய 22 அடி ட்ரெயிலருக்கும் இதே நோய். அப்போது என் சட்டைப்பையில் ஜி2 எரிவாயு உரிமம் இருந்தது, தலையில் அதற்கேற்ற கனமும் இருந்தது. பின்னால் காற்று வராததால் மோட்டார் களைத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு சனிக்கிழமை முழுக்க முழங்காலில் நின்று புது மோட்டார் பூட்டினேன். அன்றிரவும் அதே குளிர். அடுத்த நாள் மனைவி சமைக்க என்று சாப்பாட்டு மேசை வாங்குக்குக் கீழே இருந்த 20 கிலோ அரிசிச் சாக்கை வெளியே இழுத்தாள். பின்வென்டில் தொங்கிய திரைச்சீலை ஆடத் தொடங்கியது. சாக்குக்குப் பின்னால் இருந்தது ஃபர்னஸ் காற்றை உள்ளே இழுக்கும் கிரில். இதை அவள் இன்றுவரை விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஊதும் வென்டைப் பார்க்குமுன் உறிஞ்சும் கிரில்லைத் தேடுங்கள். பெரும்பாலும் ஃபர்னஸ் இருக்கும் அலுமாரியின் கதவிலோ பக்கத்துப் பலகையிலோ இருக்கும். ஃபர்னஸைச் சுற்றியுள்ள இடம் காலியாக இருக்கிறதே என்று சப்பாத்து, துடைப்பம், சட்டி எல்லாவற்றையும் அதற்குள் திணிப்பது நம் ஆட்கள் மட்டும் செய்வதல்ல, வெள்ளைக்காரரும் செய்வார்கள். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கிரில்லில் நாய்மயிரும் தூசியும் படிந்திருந்தால் உறிஞ்சியெடுங்கள். பின்னறைக் கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். உள்ளே போன காற்று திரும்பி வர வழியில்லாவிட்டால் புதுக்காற்று அந்த அறைக்குள் நுழையாது.

அடுத்து, கையில் ஒரு ரிஷூத் துண்டும் இறைச்சி வேகும்போது குத்திப் பார்க்கும் வெப்பமானியும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வென்டையும் திறந்து, ஃபர்னஸைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ரிஷூவைப் பிடியுங்கள், பிறகு சூட்டை அளந்து எழுதுங்கள். என்னுடையதில் அரிசிச் சாக்கை எடுத்த பிறகும் முன்னுக்கு 58 பாகை, பின்னுக்கு 31. காற்று வருகிறது, ஆனால் ஆறிப்போய் வருகிறது என்றால் டக்ட் வழியில் சூடு போகிறது. காற்றே வரவில்லை என்றால் டக்ட் நசுங்கியிருக்கும், அல்லது கழன்றிருக்கும். இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

காற்று வராததுதான் உங்கள் சங்கதி என்று நினைக்கிறேன். ஃபர்னஸ் நடுவில் இருந்தால் உங்கள் படுக்கைக்குப் போகும் டக்ட் குட்டையாக, நேராக இருக்கும். பிள்ளைகளுக்குப் போவது தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி, லாச்சிகளுக்குப் பின்னால் நெளிந்து போகும். காற்று சோம்பேறி, லேசான வழியைத்தான் பிடிக்கும். குசினி லாச்சிகளைக் கழற்றி வெளியே வைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய கம்பிச் சுருளில் சுற்றிய, மடங்கக்கூடிய டக்ட் தெரியும். லாச்சி மூடும்போதெல்லாம் அதை இடித்து இடித்துத் தட்டையாக்கியிருக்கும். எட்டடி போதும் இடத்தில் பன்னிரண்டடி வைத்து, மிச்சத்தை மலைப்பாம்பு போலச் சுருட்டி விட்டிருப்பதையும் எத்தனையோ ட்ரெயிலர்களில் கண்டிருக்கிறேன். ஒருமுறை டக்டின் முனை வென்டுக்கு ஒரு சாண் தள்ளிச் சும்மா கிடந்தது. அந்தக் குடும்பம் மூன்று வருடமாகக் கட்டிலுக்குக் கீழே இருந்த உடுப்புப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

திருத்துவது கஷ்டமில்லை. பற்றரியைக் கழற்றி, புரொப்பேனைப் பூட்டி, ஃபர்னஸ் ஆறியபின் தொடங்குங்கள். மிச்ச நீளத்தை வெட்டி டக்டை இழுத்து நேராக்குங்கள். கூர்மையாகத் திரும்பும் இடத்தில் மடங்கும் டக்டை நம்பாமல் தகர முழங்கை ஒன்று போடுங்கள், நசுங்காது. லாச்சி இடிக்கும் இடத்தில் ஒரு பலகைத் துண்டைத் தடுப்பாக அடியுங்கள். மூட்டுகளை அலுமினியத் தாள் டேப்பால் ஒட்டுங்கள். சாம்பல் நிறத் துணி டேப்பின் பெயர் டக்ட் டேப் என்பதற்காக அதைச் சுற்றாதீர்கள். சூட்டில் பசை காய்ந்து, ஒரு குளிர்காலத்துக்குள் உரிந்துவிடும். கடைசியாக, பின்னுக்குப் போகும் நீண்ட டக்டுக்கு மேல் சூடு காக்கும் உறை ஒன்று சுற்றுங்கள். அந்த 31 பாகை எனக்கு 44 ஆனது இப்படித்தான்.

உங்கள் ட்ரெயிலரில் வென்டுகள் தரையில் இருந்தால், தரைக்கடியில் தட்டையான தகர டக்ட் ஓடுகிறது. வென்ட் மூடியைத் தூக்கிக் கையை விட்டுத் தடவுங்கள். மரத்தூள், ஆணி, பலகைத் துண்டு, கூடவே முந்திய சொந்தக்காரரின் விளையாட்டுக் கார் என்று என்னவும் வரும். தகரத்துக்கும் தரைப்பலகைக்கும் நடுவில் விரல் நுழைகிறதா? அந்த இடைவெளியால் சூடு வண்டியின் வயிற்றுக்குள் போகிறது. சுற்றிவர டேப் ஒட்டுங்கள். கடைசி வென்டுக்கு அப்பால் டக்ட் இன்னும் சில அடி ஓடி முடிந்தால், வென்டைத் தாண்டியதும் ஒரு நுரைக்கட்டியைச் சாய்வாக வெட்டி, மேலே அலுமினியத் தாள் ஒட்டி அடைக்கலாம். காற்று அதில் பட்டு மேலே ஏறும். ஒரு எச்சரிக்கை: அந்த நீட்சி தண்ணீர்த் தாங்கிகளை உறையாமல் காக்க வேண்டுமென்றே விட்டதாகவும் இருக்கலாம். எங்கே போகிறது என்று தெரியாமல் அடைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் முன்னுக்கு இன்னும் சூடு கூடினால் வென்டைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், முழுக்கப் பூட்டாதீர்கள். தெர்மோஸ்டாட் எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். வென்டுக்கு நேர் மேலே இருந்தால், தன் முகத்தில் சூடு பட்டதும் போதும் என்று ஃபர்னஸை நிறுத்திவிடும். பின்னால் பிள்ளை நடுங்குவது அதற்குத் தெரியாது.

கட்டிலையும் மறக்காதீர்கள். மெத்தை வெறும் பலகையில் கிடந்தால் கீழிருந்து குளிர் ஏறும். நடுவில் ஒரு நுரைப்பாய் விரியுங்கள். அந்த ஒற்றைக் கண்ணாடி யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், கூரை வென்டுக்குள் நுரைத் தலையணை ஒன்று செருகுங்கள். மின்சாரம் உள்ள இடத்தில் 1500 வாட் ஹீற்றரைப் பின்னுக்கு வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். அது தருவது மணிக்கு ஏறக்குறைய 5,100 பிரியு (BTU, சூட்டை அளக்கும் அலகு). நடுத்தர ட்ரெயிலர் ஃபர்னஸ் 30,000. போர்வை தொங்கும் அடுக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதை நான் வைக்கமாட்டேன். அது அறையைச் சூடாக்கி ஃபர்னஸை ஓடவிடாமல் செய்தால், கீழே போக வேண்டிய சூடும் நின்று தண்ணீர்ப் பைப் உறைந்துபோகலாம்.

எரிவாயுக் குழாய், எரியும் பெட்டி, லிமிட் சுவிட்ச் மூன்றிலும் கை வைக்காதீர்கள். அது உரிமம் உள்ளவரின் வேலை. சூடு நிற்கிறதே என்று லிமிட் சுவிட்சை வயரால் தாண்டிவிடச் சொல்லும் மச்சான் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து வெளியே இருத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ட்ரெயிலரில் முன்னிரவில் எல்லா இடமும் நல்ல சூடு. விடிய மூன்று மணிபோல் காற்று மெலிந்து, பிறகு காற்றாடி மட்டும் சுற்றுகிறது, நெருப்புப் பிடிக்கவில்லை. மின்சாரம் இல்லாத இடத்தில்தான் இப்படி. — வாசகர், மார்க்கம்

பதில்: தம்பி, கடைசி வரியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். பற்றரி. காற்றாடி ஓடும்போது 7 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும். 80 அம்பியர்-மணி பற்றரியில் ஈய அமில வகையானால் பாதியைத்தான் நம்பலாம், அதாவது 40. இரவில் பாதி நேரம் ஃபர்னஸ் ஓடினால் பத்து மணித்தியாலம். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்தால் அதுவும் இல்லை. வோல்ட் இறங்கியதும் முதலில் தூரத்து வென்டில்தான் காற்றுச் சாகும். இன்னும் இறங்கினால், காற்றாடி வேகத்தைப் பார்த்து நெருப்புக்கு அனுமதி கொடுக்கும் செயில் சுவிட்ச் அசையாது. அது அசையாவிட்டால் வாயு திறக்காது. மீட்டர் ஒன்று வாங்கி, ஃபர்னஸ் ஓடும்போதே அதன் வயர்களில் அளந்து பாருங்கள். பற்றரியில் 12.4 இருந்தும் ஃபர்னஸில் 11தான் என்றால் நடுவில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் செலவில்லை. எல்லா வோல்ட்டும் சரியாக இருந்தும் நெருப்பு வராவிட்டால் வெளியே புகைபோக்கியைப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

கேள்வி: ஃபர்னஸ் பின்னுக்கு எட்டாததால் சின்னப் புரொப்பேன் ஹீற்றர் ஒன்றை உள்ளே வைத்து எரிக்கிறோம். சூடு நன்றாக இருக்கிறது, ஆனால் காலையில் யன்னலெல்லாம் தண்ணீர், மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். ஏன்? — வாசகி, ஒஷாவா

பதில்: ஃபர்னஸ் தன் புகையை வெளியே விடுகிறது. உங்கள் ஹீற்றர் அறைக்குள்ளேயே விடுகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். அதுதான் யன்னலில் வடிகிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே வரக்கூடிய கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கும்போது அதை எரிக்கவே வேண்டாம், பிள்ளைகள் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. ட்ரெயிலருக்குள் மாட்டியிருக்கும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைப் பெட்டியைத் திருப்பிக் காலாவதித் திகதியை இன்றைக்கே பாருங்கள். அதற்குப் பிறகு மேலே பிரம்ரன் தங்கச்சிக்கு எழுதியதை வாசித்து, குசினி லாச்சியைக் கழற்றத் தொடங்குங்கள்.